புள்ளி விட்டுப்போன வரி

பாயான் பாருவில், பல் மருத்துவரின் கிளினிக்குக்கு மேல்மாடி.
ஐந்து நாற்காலிகள்; ஆறாவது உடைந்தது.
படகுச் சீட்டு விற்கும் செயலி ஒன்றை
ஐந்து பேரும் நடத்திக்கொண்டிருக்கிறோம்,
ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி பிடிப்பது மாதிரி.

நேற்றிரவு ஒன்று இருபது.
வேலை முடிந்தது என்று
எல்லாவற்றையும் கிட்ஹப்பில் ஏற்றிவிட்டு
மைலோ கலக்கப் போனேன்.
கரண்டியோடு திரும்பி வருவதற்குள்
சாவி தெருவுக்குப் போயிருந்தது.

பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த கோப்பு
கணினியில் கண்ணுக்குப் படாமல் ஒதுங்கியிருக்கும்.
அதற்குள்தான் வைத்திருந்தேன்
தரவுத்தளத்தின் கடவுச்சொல்லையும்
வாடகை இயந்திரங்களைத் திறக்கும் சாவியையும்.
இதை ஏற்றாதே என்று
இன்னொரு கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும்.
எழுதினேன்.
புள்ளியை விட்டுவிட்டேன்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்:
க் என்றால் தொண்டையோடு நிற்கும்.
புள்ளியை எடுத்துவிட்டால்
க
என்று வாய் திறந்துவிடும்.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு,
இரவில் அதுவும் பேசாதே என்பார்கள்.
நான் எங்கே பேசினேன்?
ஒரு பொத்தானை அழுத்தினேன்.

நான்கே நிமிடம்.
கீழே விழும் சாவிகளைப் பொறுக்குவதற்கென்றே
தூங்காத நிரல்கள் அலைகின்றன.
ஃபிராங்க்ஃபர்ட்டில் எங்கள் கணக்கில்
இயந்திரங்கள் முளைத்தன.
பதினொன்று. நாற்பது. நூற்றிரண்டு.
யாருக்கோ காசு தோண்டின.

முதலில் கோப்பை அழித்தேன், முட்டாள்.
வரலாறு அழியாது.
முந்தின பக்கத்தைப் புரட்டினால்
அங்கேயே இருக்கிறது,
வெள்ளைச் சட்டையில் சம்பல்.

ரிலாவில் நூருல் ஐனை எழுப்பினேன்.
பச்சைக் குழந்தைக்காரி.
குழந்தை வீறிடும் சத்தத்துக்கு மேல்
அவள் கத்தினாள்:
கோப்பை விடு. சாவியைக் கொல்.

கொல்வதற்கு முன்
அதன் பெயரை முழுதாகத் தட்டச்சிடச் சொன்னது திரை.
இருபது எழுத்து.
இரண்டு முறை தப்பாக அடித்தேன்.
மூன்றாவது முறை செத்தது.
கூடவே செயலியும் செத்தது,
அதே சாவியை எத்தனை கதவுக்குப் போட்டிருந்தேன்
என்று அப்போதுதான் தெரிந்தது எனக்கு.
விடியற்காலைப் படகுக்கு இன்னும் நாலு மணி நேரம்.

புதிய சாவியை நான் பார்க்கவே இல்லை.
பெட்டகமே பிறப்பித்து
பெட்டகமே வைத்துக்கொண்டது.
செயலி வந்து தட்டினால்
கால் மணி நேரம் உயிரோடிருக்கும் சீட்டு ஒன்று தருகிறது.
அப்புறம் அதுவும் வெற்றுத் தாள்.
என்னைக் கட்டிவைத்து அடித்தாலும்
சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.
இப்படியொரு நிம்மதி இருக்கிறது என்று
இருபத்தொன்பது வயதில் கண்டுபிடித்தேன்.

ஐந்தரைக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.
என்ன நடந்தது, எப்போது தெரிந்தது,
இழப்பு: நாலாயிரத்து முந்நூறு வெள்ளி.
'யார்' என்ற கட்டம் படிவத்தில் கிடையாது.
சின் ஹுவாட் வேண்டுமென்றே வைக்காமல் விட்டது.
தெரிந்தும் தேடினேன்,
மேலும் கீழுமாக இரண்டு தடவை.
பிறகு அந்த வரியில் புள்ளி வைத்தேன்.

பாலத்தில் பிறையை நோக்கி என் ஹோண்டா.
கடல் தே தாரேக் நிறத்தில் கிடக்கிறது.
தலைக்கவசத்துக்குள்
செத்த சாவியின் இருபது எழுத்தையும்
சத்தமாகச் சொல்லிக்கொண்டு போகிறேன்.
எப்படி மனப்பாடமானதோ.
உரசிக்கொண்டு முந்தும் லாரிக்காரரே,
கண்ணாடியை இறக்குங்கள்,
நீங்களும் கேட்கலாம்.