உப்பின்மேல் குப்புற

லிம்பர் கோல்கே வண்டியை நிறுத்துகிறான்.
எந்தப் பக்கம் திரும்பினாலும் உயுனி உப்பு,
பக்கம் என்ற சொல்லே
இங்கே கொஞ்சம் அதிகப்படி.

இருக்கைக்கு அடியிலிருந்து டைனோசரை எடுக்கிறான்.
பச்சை ரப்பர். வாலில் பாதி இல்லை.
போன ஆண்டு ஒரு ஜெர்மன் குழந்தை கடித்தது.

ஆறு பேர், ஆறு போன்.
வாங்கி வாங்கித் தொப்பிக்குள் போடுகிறான்
கோயில் வாசலில்
செருப்பு வாங்கிவைப்பவனைப் போல.

பிறகு குப்புறப் படுக்கிறான்.
முழங்கையில் உப்பு ஏறுகிறது.
எட்டு வருடம் ஏறிய இடத்தை
இனித் தோல் என்று சொல்வதற்கில்லை.

"பின்னால் போங்க. இன்னும். இன்னும்."
ஐந்து மொழிகளில்
அவனுக்கு இவ்வளவுதான் தெரியும்.
அந்தப் பெண் போகிறாள்.
உள்ளங்கை அளவாகிறாள்,
சுண்டுவிரல் அளவாகிறாள்.
மிருகம் வாயைப் பிளந்து நிற்கிறது.
"இப்ப பயப்படுங்க."
பயப்படுகிறாள்,
அறுபதடி தள்ளி, வெறும் காற்றைப் பார்த்து,
மிக நன்றாக.

காதலனை உள்ளங்கையில் நிறுத்தச் சொல்வார்கள்.
சிப்ஸ் டப்பாவிலிருந்து வரிசையாக
வெளியே வருவார்கள்.
ஒருமுறை ஓசாகாக்காரர் ஒருவர்
விளையாட்டெல்லாம் வேண்டாம் என்றார்,
பக்கத்தில் ஓர் ஆளுக்கு
இடம் விட்டு எடுக்கச் சொன்னார்.
எவ்வளவு அகலம் என்று லிம்பர் கேட்டான்.
கையால் காட்டினார்.
கேட்காமலே
உயரத்தையும் காட்டினார், தன் தோள்வரை.
அன்று மூன்று படம் எடுத்தான்,
மூன்றிலும் இடம் சரியாக இருந்தது.

உப்பில் சிக்னல் கிடையாது.
எடுத்த படமெல்லாம் பையில் மூச்சடக்கிக் கிடக்கும்.
கொல்சானியின் முதல் தகரக் கூரை தெரிந்ததும்
ஆறும் ஒன்றாக அலறும்
கோழிக்கூண்டில் கீரி நுழைந்தாற்போல.
அப்புறம் வண்டியில் பேச்சு இருக்காது.
ஆறு கழுத்து வளைந்திருக்கும்.
வெளியே, சாயங்காலம்
நீரில் ஒன்றும் நிலத்தில் ஒன்றுமாக
இரண்டு சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும்.
பார்ப்பவன் அவன் ஒருவன்தான்.
அவனும்
ஓட்டுவதற்காகப் பார்க்கிறவன்.

வீட்டில் நில்டா உப்புப் பொட்டலம் ஒட்டிக்கொண்டிருப்பாள்.
உப்புதான், ஆனால்
உப்புப் பெறாத கூலி.
"இன்னைக்கு என்ன செஞ்சே?"
"ஆறு பேரை டைனோசருக்குக் கொடுத்தேன்."
"பாவம், அதுக்கும் வயிறு இருக்கே."

நேற்று மகள் யோவானா போனை நீட்டினாள்.
யாரோ ஒருத்தி, முகம் மட்டும்,
பெரிய கறுப்புக் கண்ணாடி.
நாற்பத்தோராயிரம் பேர் இதயம் போட்டிருந்தார்கள்.
விரலால் விரித்தாள், இன்னும் விரித்தாள்.
இடது கண்ணாடியில் வெள்ளைத் தரை,
அதன் நடுவே
கரையொதுங்கிய ஏதோ ஒன்றுபோல
ஓர் உருவம்.
முகம் இருக்க வேண்டிய இடத்தில்
அவளுடைய போன்.

"இது நீ."
"நான் இல்லை. மச்சம் மாதிரி இருக்கு, யாரா வேணா இருக்கலாம்."
"முழங்கையைப் பாரு."
பார்த்தான்.
நில்டாவும் பசைக் கையோடு எழுந்து வந்து பார்த்தாள்.
அவள்தான் முதலில் சிரித்தாள்.
அவன் போனை வாங்கி
வெளிச்சத்தில் சாய்த்து வைத்துக்கொண்டான்,
சாய்த்தால் முகம் தெரிந்துவிடும் என்பதுபோல.

இன்று காலை ஐந்து பேர்.
டைனோசர் உப்பில் நின்றது.
ஒருத்தி குளிர்கண்ணாடியைக் கழற்றி
நெற்றிக்கு ஏற்றினாள்.
வேண்டாம், போட்டுக்கொள்ளுங்கள் என்று
ஜாடை காட்டினான்.
அவளுக்குப் புரியவில்லை.
உப்பு வெளிச்சம் கண்ணைக் கெடுத்துவிடும் என்றான்
வராத மொழியில், தட்டுத்தடுமாறி.

அதுவும் உண்மைதான்.