நாற்பதாவது பந்து

முதல் பத்துப் பந்துகளை நான் கணக்கில் எடுப்பதில்லை.
அவை எனக்காக அடிக்கப்படுபவை.
வயிற்றை எக்கிக்கொண்டு
பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல் நிற்பார்கள்.
ராடார் பெட்டியும் ஒரு பெண்ணும் பார்த்திருக்க
எவரும் தன் சொந்த வேகத்தில் மட்டையை வீசுவதில்லை.

டூகல் மெல்ட்ரம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
மான்ட்ரோஸில் அன்று கடல்மூட்டம்
கார் நிறுத்துமிடம் வரை ஏறி வந்திருந்தது.
கூரைகளுக்குக் கற்பலகை வேய்பவர், வயது ஐம்பத்தேழு.
பையில் ஏழு இரும்பு மட்டைகள்:
அபெர்டீனில் எண்ணெய்க் கம்பெனிச் சம்பளத்தில்
மைத்துனர் வாங்கி, மூன்றே மாதத்தில் சலித்துக் கொடுத்தவை.
மைத்துனர் ஆறடி மூன்றங்குலம்.
டூகல் அப்படி இல்லை.

"எனக்கு ஸ்டிஃப் ஷாஃப்ட்தான்" என்றார், கோட்டைக் கழற்றுமுன்பே,
காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்கிற தோரணையில்.

எண்பத்தாறு மைல். எண்பத்தைந்து. எண்பத்தாறு.
ஒவ்வோர் அடிக்கும் திரையைத் திரும்பிப் பார்த்தார்.
பந்துகள் இடப்பக்கமாகவே போயின,
வீட்டு ஞாபகம் வந்த மாடுகள் போல.
இருபதாவதில் திரையை அணைத்தேன்.
பழுது என்றேன்.
ப்ரீக்கின் பக்கம் வேலை எப்படி என்று கேட்டேன்.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது.
ஒரு பல் வைத்தியர், புகைக்கூண்டைச் சுற்றி ஈயத்தகடு,
பாதிக் காசு பாக்கி, மூன்று கடிதம், பதிலில்லை.
கோபத்தில் பந்தை மறந்தார்.
மறந்தபடியே அடித்துக்கொண்டிருந்தார்.

நாற்பதாவதில் வந்தது அது.
முழங்கால்கள் மடிந்து, இடுப்பு தணிந்து,
கைகள் தொடையோரம் தாழ்ந்து, குறுகிய வீச்சு,
பக்கத்தில் கிடக்கும் ஆணியை அறைவது போல.
என் தரை சமதளம்தான்.
முப்பத்தெட்டு வருடம் சரிவில் நின்ற மனிதர்
அதையும் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார்.

எழுபத்துநான்கு மைல்.

மட்டையின் அடியில் டேப் ஒட்டி
பலகை மேல் அடிக்கச் சொன்னேன்.
தழும்பு குதிகால் பக்கம் விழுந்திருந்தது.
ஆறடி மூன்றங்குலத்தார் யாரோ எங்கோ நிமிர்ந்து நிற்க
இவர் அதன் முனையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறார்,
நான்கு வருடமாக,
தப்பு தன் மணிக்கட்டில் என்று நம்பி.

வைஸில் கழுத்தை இறுக்கி, நெம்புகோலை அமுக்கினேன்.
இரண்டு பாகை. நல்ல இரும்பு முனகாது.
கண்ணுக்கு எதுவும் மாறியிருக்காது.
இடப்பக்க விலகலில் முக்கால்வாசி அதற்குள் போயிற்று.
மிச்சக் கால் அவருடையதே;
அதற்கு என்னிடம் வைஸ் இல்லை.

ஷாஃப்ட் ரெகுலர் என்றேன்.
முகம் போன போக்கைப் பார்க்காமல் பிசினைக் கலக்கினேன்.
கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:
"அதிலுள்ள ஸ்டிக்கரை எடுத்துவிட முடியுமா?
ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வருகிறார்."
முடியும்.
மேசை இழுப்பறையின் உட்பக்கம்
இந்த வருடம் மட்டும் பதினொன்று ஒட்டியிருக்கிறது.
பன்னிரண்டாவதற்கு ஓரத்தில் இடமிருந்தது.

கையுறையில் மோதிர விரலை
ரப்பர் பேண்டால் பாதியில் கட்டியிருந்தார்.
கற்பலகை வெட்டும் கத்தி தின்ற மீதி.
அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
கிரிப்புக்கு அடியில் அந்த இடத்தில் மட்டும்
டேப்பை இன்னும் மூன்று சுற்றுச் சுற்றினேன்.
மட்டையைப் பிடித்தவர்
எதையோ கேட்க வாயெடுத்து
கையை மூடித் திறந்து மூடினார்.
ரசீதில் டேப்புக்கு விலை போடவில்லை.

கதவருகே நின்று கேட்டார்:
"உன் மட்டைகளை யார் அளந்தது?"
"நானேதான்" என்றேன்.

பொய். எத்தனையோ இரவு முயன்றாயிற்று.
பெட்டியை ஓடவிட்டு, திரையை அணைத்து,
யாரோ பாக்கி வைத்த காசைக்கூட நினைத்துப் பார்த்து.
எழுபது, எண்பது, நூறு பந்து அடித்தாலும்
எனக்கு எல்லாமே முதல் பத்துதான்.

வெளியே அவர் வேன் கிளம்பியது.
கூரையில் கட்டிய ஏணி பின்னால் நீட்டிக்கொண்டிருக்க
அதன் நுனியில் ஒரு சிவப்புத் துணி
மூட்டத்துக்குள் ஆடி ஆடிப் போனது.
பல் வைத்தியரின் தெரு அந்தப் பக்கம்தான்.