வி-7

காலை எட்டே கால். காலாப்பட்டு.
பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே
கடற்காற்று துப்பட்டாவை இழுத்தது.
இன்குபேட்டர் கதவைத் திறந்தால்
நேற்றுவரை மாதுளைச் சாறாய் இருந்த குடுவையில்
மஞ்சள் கலக்கிய கழனித் தண்ணீர்.

மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.
செல்கள் சுருண்டு விளிம்பு விட்டுக் கிடக்க
இடைவெளியெல்லாம் குச்சி குச்சியாய் அவை,
தேர் பார்க்க வந்த கூட்டம்போல
இடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல்.
எண்ணத் தொடங்கினேன்.
எண்ணி முடிப்பதற்குள் இரண்டு மடங்காகும் என்பது
நினைவுக்கு வந்து நிறுத்தினேன்.

அந்துவான் அண்ணன் எட்டிப் பார்த்தார்.
"பிளீச்சை ஊத்து. அரை மணி விடு.
அப்புறம் தூக்கிக் கொட்டு.
அழுவுறதுன்னா கையுறையைக் கழட்டிட்டு அழு."

சரியான வைத்தியம் அதுதான்.
கெட்ட குடுவையைக் காப்பாற்றாதே,
பக்கத்துக் குடுவையைக் காப்பாற்று.

பக்கத்துக் குடுவை இல்லை, அண்ணே.
கார்த்திகை மழையில்
கடலூர்த் தண்ணீருக்குள் நின்றுபோன நைட்ரஜன் லாரி
நாலு நாள் கழித்து வந்தபோது
உறைய வைத்திருந்த பதினொரு குப்பியும்
வெறும் குப்பி.

பதிவேட்டில் அவள் பெயர் வி-7.
வேறு பெயர் எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது.
ஒப்புதல் தாளில் கைநாட்டுக்குப் பக்கத்தில்
மகன் கோணலாக எழுதியிருந்ததைப் படித்துவிட்டேன்:
செங்கேணியம்மாள், வீராம்பட்டினம்.
இடது கன்னத்துப் புண்ணிலிருந்து
அரிசிமணியளவு வெட்டிக் கொடுத்தார்கள்.
தை பிறக்குமுன் அவள் போய்விட்டாள்.
முப்பது மணி நேரத்துக்கு ஒருமுறை
இங்கே பிரிந்து பிரிந்து
வாடகை தராமல் இருந்தாள்.

மூன்று முறை உப்புக் கரைசலில் கழுவினேன்.
பென்சிலினுக்கு அவை அசையவில்லை.
ஜென்டாமைசின்.
கூடினால் அவள் போவாள்,
குறைந்தால் அவை தங்கும்.
ஆறு குழித் தட்டில்
ஆறு அளவு போட்டுப் பார்த்து
நான்காவது குழியை நம்பினேன்.
ராத்திரி பதினொன்றுக்கு ஒருமுறை,
விடியற்காலை ஒருமுறை
பழையதை உறிஞ்சிப் புதியதை ஊற்றினேன்.
பாதிக்கு மேல் உரிந்து மிதந்தது.
ஒட்டிக்கொண்டிருந்தவற்றை மட்டும்
புதுக் குடுவைக்கு மாற்றினேன்.

எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் தேடினார்கள்.
ஹூடின் வடிகட்டியா, சீரமா,
அடுத்த அறையில் தும்மிய பையனா.
சுவரில் தொங்கிய தாளில்
வாட்டர்பாத் தண்ணீர் மாற்றியவர், வெள்ளிக்கிழமை,
அதற்கு நேரே என் கையெழுத்து.
வெள்ளிக்கிழமை ஐந்து நாற்பது பஸ்ஸைப் பிடிக்க
கையெழுத்து மட்டும் போட்டேன்.
முப்பத்தேழு டிகிரியில்
யாருடைய காய்ச்சலும் இல்லாமல்
அந்தத் தண்ணீர் வாரம் முழுக்க வளர்ந்திருக்கிறது.

அந்துவான் அண்ணன் தாளைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
வாட்டர்பாத்தைக் கவிழ்த்து
மூலை மூலையாகத் தேய்க்கத் தொடங்கினார்.
திட்டியிருக்கலாம்.

பதினான்கு நாள் தெளிவாக இருந்தது.
மருந்து இருக்கும்வரை வரும் தெளிவை
யாரும் கணக்கில் வைப்பதில்லை.
நிறுத்த வேண்டும்.
நிறுத்திவிட்டுத் தூங்கப் பார்க்க வேண்டும்.

"இத்தனை மருந்து தின்ன செல்லை வெச்சு
என்ன நிரூபிப்ப?" என்றார் குலசேகரி மேடம்.
"இது இன்னும் அதே ஆளா?"
தெரியவில்லை, மேடம்.
ஆஸ்பத்திரி வார்டில் அவளையே கேட்டிருந்தால்
அவளுக்கும் தெரிந்திருக்காது.

மருந்தில்லாத ஆறாம் நாள்.
கடல் பக்கத்து ஜன்னலுக்கு நேரே
குடுவையைத் தூக்கிப் பிடிக்கிறேன்.
சிவப்பு. கொஞ்சம் வெளிறிய சிவப்பு.
ஒரு ஓரத்தில் ஏதோ மிதப்பதுபோல் தோன்றி
கண்ணாடியைத் துடைக்க, அது
என் விரல்ரேகை.

பழைய தாளை எடுத்து
அந்த வெள்ளிக்கிழமைக் கையெழுத்தை அடித்தேன்.
மேலே "மாற்றவில்லை" என்று எழுதினேன்.
இன்றும் வெள்ளிதான்.
பஸ் போகட்டும்.
வாட்டர்பாத்தில் தண்ணீர்
இன்னும் அரை அடி இறங்க வேண்டியிருக்கிறது.