நாற்பத்தொன்றாம் குப்பி

கிரான் நகரத்து மருத்துவமனையில் கொடுத்தார்கள்.
மூடியில் பெயர் இல்லை. எண் மட்டும்.
பாதிப் பேருக்குத் தேன்,
அரசித் தேனீக்கு ஊட்டுகிற பாலும் கூட்டுப் பிசினும் கலந்தது.
மீதிப் பேருக்கு நிறமேற்றிய சர்க்கரைப் பாகு.
எது யாருக்கு என்பது
ஊட்டுகிற எனக்கும் தெரியாது,
குறித்துக்கொள்கிற டாக்டர் தியாஷாவுக்கும் தெரியாது.
இரண்டு பக்கமும் கண்ணைக் கட்டிய ஆட்டம் என்றாள்.

குணமாகும் என்று அவள் சொல்லவில்லை.
எலிகளிடம் ஏதோ கொஞ்சம் தெரிந்தது என்றாள்,
மனிதர்களிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்றாள்.
பொய் சொல்லாததால் கையெழுத்துப் போட்டேன்.

ஆறு மாதம். காலையில் ஒரு கரண்டி.

சிரில் வாயைத் திறப்பார், மூடுவார்.
ஜன்னலுக்கு வெளியே பெட்டிகளின் முகப்புப் பலகையில்
வேடனின் பாடையை முயல்கள் தூக்கிப் போகின்றன;
போன பனியில் நீலம் உரிந்துவிட்டது.
நாற்பது பெட்டியில் முப்பத்தாறை விற்றுவிட்டேன்.
அவரிடம் சொல்லவில்லை.
ஒருமுறை சொன்னால்
தினமும் புதிதாகச் சொல்ல வேண்டிவரும்.

என்னை இப்போது அம்மணி என்கிறார்,
ரயிலில் எதிர் இருக்கைக்காரியிடம் பேசும் மரியாதையோடு.

ஒன்பதாம் நாள், செவ்வாய்.
விழுங்கவில்லை. நாக்கிலேயே நிறுத்தினார்.
கண் மூடியது. தாடை மெல்ல அசைந்தது.
பிறகு, சந்தையில் தரகர்களை நடுங்கவைத்த அதே குரலில்:

"அம்மணி, உங்களை ஏமாற்றிவிட்டார்கள்.
இதில் எந்தப் பூவும் இல்லை.
பீட்ரூட் சர்க்கரை. அதையும் தீய விட்டிருக்கிறான்.
எவ்வளவு கொடுத்தீர்கள்?"

சிரித்தேனா அழுதேனா, நினைவில்லை.
எனக்கும்தான்.

அலமாரியின் பின்வரிசையில்
அவர் கையெழுத்தில் ஒரே ஒரு குப்பி மிச்சம்.
விதியை மீறி ஒரு கரண்டி.

"கஷ்கொட்டை," என்றார்.
"தெற்குச் சரிவு. மழைக்கு முந்தின வாரம் எடுத்தது.
அவசரப்படாதவன், வேலை தெரிந்தவன்.
யார் அவன்? எங்கே இருக்கிறான்?"

பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன்.

"வந்தால் சொல்லுங்கள்."

வியாழக்கிழமை டாக்டர் தொலைபேசியில் கேட்டாள்:
மாற்றம் ஏதும்?
சொன்னால் கட்டு அவிழ்ந்துவிடும்,
நாற்பத்தொன்று கணக்கிலிருந்து விழுந்துவிடும்.
தூக்கம் பரவாயில்லை என்றேன்.

மறுநாள் காலை மறுபடி அதே குப்பி.
ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதானே.
நாக்கில் நிறுத்தினார்.
"அம்மணி, உங்களை ஏமாற்றிவிட்டார்கள்."

அதற்கடுத்த நாளும். ஈஸ்டர் அன்றும்.
லிண்டன் பூத்துத் தெரு முழுக்க மணந்த நாளிலும்.
யாரென்றே தெரியாத ஒருத்திக்காக
ஒரு மனிதர் காலைதோறும் கோபப்பட்டார்,
பணத்தைத் திருப்பி வாங்கித் தருகிறேன் என்று
தொப்பியைத் தேடினார்.

கடைசிப் படிவம் கேட்டது: வேறு தேன் ஏதும் கொடுத்தீர்களா?
ஒரு கரண்டி என்று எழுதி, அடித்தேன்.
பலன் ஏதும் தெரிந்ததா?
அந்தக் கட்டத்தில் பேனா வெகுநேரம் நின்று
ஒரு மைப்பொட்டு விழுந்தது.
அப்படியே அனுப்பிவிட்டேன்.