காலிப் பெட்டி

இடித்த வீட்டின் பள்ளத்தை
செங்கல் தூளும் களிமண்ணுமாய் மூடிவிட்டு
நகராட்சி போன பிறகு
அந்த மனையை நூறு டாலருக்கு வாங்கினாள் வெர்லீன்.
டொலிடோவில் அந்தக் காசுக்கு
நல்ல பனிக்கால பூட்ஸ் கிடைக்காது.

மண்ணில் ஈயம் என்றது பரிசோதனைத் தாள்.
பழைய வீட்டின் பெயின்ட், ஐம்பது வருஷம் உதிர்ந்தது.
அதனால் மண்ணுக்கு மேல் பலகைப் பெட்டிகள்,
பெட்டிக்குள் லாரியில் வந்த வேற்று மண்.
கால் ஊன்றத் தோண்டியபோது ஒரு கதவுக் குமிழ் கிடைத்தது.
கழுவி, கோழிக்கூட்டின் கதவில் பொருத்தினாள்.
திருகினால் சுழலும். ஒன்றும் திறக்காது.
கொக்கி தனியாக இருக்கிறது.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா?
கண்ணாடித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் எனக்கு.
உலை வாயில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு
ஆறரைக்கு வந்து ஜன்னல் திரையை இழுக்கும்போது
கடைசியாய்ப் பார்ப்பது அவள் முதுகைத்தான்.

அவள் மதியத்துக்கு மேல் பஸ் ஓட்டுகிறாள்.
குஞ்சுகளுக்குத் தன் தடத்துத் தெருக்களின் பெயர்:
மன்ரோ, லாஸ்கி, பேன்கிராஃப்ட், சில்வேனியா, செரி, டோர்.
வேலிமேல் ஏறினால்
"லாஸ்கி, உன் ஸ்டாப் வந்தாச்சு, இறங்கு!"

கொலார்ட் கீரை முழங்கால் உயரம்.
வெண்டை அவளைவிட உயரம்.
பூசணிக்கொடி வேலி தாண்டி வந்து
என் பக்கம் மூன்று காய் வைத்தது.
கேட்காமல் அறுத்துத் தின்றேன்.
இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் டோர் கூவியது.
முதல் நாள் எண்ணெய் காணாத கீல் மாதிரி.
மூன்றாம் நாள்
டோர் பெட்டையில்லை என்பது தெருவுக்கே தெரிந்துவிட்டது.
கோழி கூவியா பொழுது விடிகிறது என்பார்கள்.
விடிகிறதோ இல்லையோ,
எனக்குப் பொழுது முடிகிற நேரத்தில் கூவியது.
காதில் பஞ்சு.
தலைமேல் தலையணை.
ஒரு நாள் குளியலறைத் தரையில் படுத்துப் பார்த்தேன்.
பதினோராம் நாள் போனை எடுத்தேன்.
பெயர் சொல்ல வேண்டாம் என்றார்கள்.
சொல்லவில்லை.

மஞ்சள் ஜாக்கெட்காரன் வந்தான். கதவில் ஒரு தாள். பத்து நாள்.
அந்தப் பத்து நாளும் போனும் கையுமாய் நின்றாள்.
சேவல் வேண்டுமென்று யாரும் சொல்வதில்லை போல;
இருக்கிறவனிடம் ஒன்று இருக்கிறது,
இல்லாதவனுக்கு அண்டை வீடு இருக்கிறது.

சனிக்கிழமை. திரையை இழுத்தேன், முழுக்க இல்லை.
சாலையில் வைக்கும் ஆரஞ்சுக் கூம்பு, முனை வெட்டியது,
கம்பத்தில் தலைகீழாய்த் தொங்கியது.
கீழே வாளி.
டோரை இடுப்போடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.
அது சத்தமே போடவில்லை,
பின்சீட்டில் தூங்கிப்போன பயணி மாதிரி.
பிறகு கூம்புக்குள் இறக்கினாள்.
கத்தி ஒரே தடவை.
நான்தான் இரண்டு தடவை கண்ணை மூடினேன்.

இறகு எருக்குழிக்கு.
வாளித் தண்ணீர் தக்காளிக்கு.
கவிழ்த்த வாளியில் கொஞ்சம் உட்கார்ந்தாள்.
ஒரு மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையில்,
பஸ் ஓட்டப் போய்விட்டாள்.

அன்றும் எனக்குத் தூக்கமில்லை.
மறுநாளும்.
ஃப்ரிட்ஜ் உறுமுவது கேட்கிறது இப்போதெல்லாம்.
ஆறு மைல் தள்ளிப் போகும் சரக்கு ரயில் கேட்கிறது.

செவ்வாய்க்கிழமை என் வாசலில் அட்டைப்பெட்டி.
ஐந்து முட்டை, சின்னச் சின்னதாய், முதல் ஈடு.
ஆறாவது குழியில் ஒரு பூண்டு.
முட்டை ஒவ்வொன்றிலும் பென்சிலில் தெருப்பெயர்.
தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன்,
வேறு வாசல்களிலும் பெட்டி இருக்கிறதா என்று.
பனிமூட்டம். தெரியவில்லை.

சில்வேனியாவை உடைத்தேன். இரண்டு கரு.
நின்றபடியே, சட்டியிலிருந்தே தின்றேன்.
நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டம்.

மூடியின் உள்பக்கம் எழுதியிருக்கிறாள்:
காலிப் பெட்டியைத் திருப்பித் தரவும்.
மூன்று வாரமாய் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது.
அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில்
அந்த மனையின் அகலம், முப்பத்தைந்து அடி.