ஒன்றாம் எண் காலி

மஹபுல்லாவில், பக்காலாவின் பின்பக்கம்
ஏ.சி. தண்ணீர் சொட்டும் சந்தில்
மூன்று வெள்ளிக்கிழமை நின்று வாங்கியவை
இருநூற்றுப் பதினொரு கையெழுத்து.

இங்கிருந்தே ஓட்டுப் போட வழி செய்யுங்கள்.
மனு அவ்வளவுதான், ஒன்றே கால் பக்கம்.
மிச்சமெல்லாம் கட்டங்கள்:
பெயர், பாஸ்போர்ட், பத்தாக்கா எண்,
தொகுதி, கம்பெனி, கைபேசி.

கட்டம் போட்டது நான்.
கம்பெனியை ஏன் சேர்த்தேன், தெரியவில்லை.
எட்டு வருடம் டைம்கீப்பர்.
கோடு கிழித்தால் கை தானாகவே
கம்பெனி என்று எழுதிவிடுகிறது.

முதல் வரியில் யாரும் போடவில்லை.
இரண்டிலிருந்து தொடங்கினார்கள்.
நானும்
நூற்று நாற்பதில் கூட்டத்தோடு ஒளிந்துகொண்டேன்.

தங்கப்பழம் தமிழில் போட்டார்.
பெயரின் நடுவில் பேனா நின்று
யோசித்து
மறுபடி நடந்தது.
லிகோரி போட்டது பேங்கில் போடுவது அல்ல.
"இது வேற கையெழுத்து, இதுக்குன்னே வெச்சிருக்கேன்."
குப்பை கொட்ட இறங்கிய அஞ்சலை
பாஸ்போர்ட் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.
அது பாபாவின் பீரோவில் இருக்கிறதாம்,
எண் அவருக்கும் தெரியாதாம்.

ஞாயிறு, மந்தூப் வந்தார்.
கோபமெல்லாம் இல்லை. டீ வாங்கித் தந்தார்.
பாதி அரபியும் பாதி இந்தியுமாக,
ஒரு நகல் போதும், பார்த்துவிட்டுக் கிழித்துவிடுகிறேன் என்றார்.
கிழிக்கப் போகிறவருக்கு நகல் எதற்கு
என்று கேட்க எனக்கும் வாய் இருந்தது.
டீயைக் குடித்தேன்.

ஊரிலிருந்து கட்சிக்காரர் ஒருவர்:
"நம்ம தொகுதி நம்பர் மட்டும் தனியா அனுப்பு தம்பி."
பிச்சைக்கனிக்கோ
மச்சான் போட்டானா என்று தெரிய வேண்டும்.
"வாயத் திறக்க வேணாம், தலைய மட்டும் ஆட்டு."
நைனார் முகமது நேராகவே கேட்டார்:
"பொய்க் கையெழுத்து இல்லேன்னு நாங்க எப்படி நம்புறது? காட்டு."
அவர் கேட்டது நியாயம்.
நியாயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

வியாழன் இரவு காத்தமுத்து படியேறி வந்தான்.
"என் பேர அடிச்சிருண்ணே. மூணு பொண்ணு."
ஒரு கோடு போட்டேன்.
கோட்டுக்கு அடியில்
பெயர் முன்னைவிடத் தெளிவாக இருந்தது.
மேலே மேலே கிறுக்கிக் கறுப்பாக்கினேன்.
இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால்
எந்தக் கண்ணும் முதலில் போவது அங்கேதான்.

ஓட்டுக் கேட்டுத்தான் எழுதினோம்.
ஒரு சுழி குறைந்தால்
ஒட்டுக் கேட்பது.

ஒரே ஒரு தடவை ஓட்டுப் போட்டிருக்கிறேன்.
பள்ளிக்கூடத்தில், எட்டாம் வகுப்பு அறை.
கரும்பலகையில் யாரோ அழிக்க மறந்த பின்னக் கணக்கு.
மூன்று பக்கமும் அட்டை மறைப்பு,
உள்ளே நானும் பொத்தானும்.
பீப் சத்தம் மட்டும் வெளியே போனது.
போடுகிற ஓட்டுக்கு அட்டை உண்டு.
ஓட்டு வேண்டும் என்று சொல்கிற கைக்கு
ஒரு துண்டு அட்டை இல்லை.

தாள்களைக் குபூஸ் கவரில் சுற்றிப்
பஸ்ஸில் தூதரகம் கொண்டுபோனேன்.
கவுண்டர்க்காரர் புரட்டினார்.
கறுத்த இடத்தில் விரல் நின்றது.
ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு முதல் பக்கம்.
"ஒன்னு எங்கே?"
"அச்சுப் பிழை சார்."

சீல் குத்தினார்,
பெயர்கள் தெரிய
ட்ரேயில் மல்லாத்தி வைத்தார்.

எனக்குப் பின்னால் நாற்பது பேர்.
ஏழாவது ஆள், கையில் பாஸ்போர்ட் கட்டோடு,
எங்கள் மந்தூப்.
சலாம் வைத்தார்.

தாளைக் கவிழ்க்கப் போனேன்.
"தொடாதீங்க, மை காயல."

அடுத்தவர் வரலாம் என்றார்கள்.
வரிசை முணுமுணுத்தது.
யாரோ தோளில் தட்டினார்கள்.
ட்ரேக்கும் அவர்களுக்கும் நடுவில்
கையை விரித்து,
சட்டைப் பையில் எதையோ தேடுகிறவன்போல
நின்றுகொண்டே இருந்தேன்.
ஊதா மை
ரொம்ப மெதுவாகக் காய்ந்தது.