பொதுப் பிரிவு

வியாழக்கிழமை கிளினிக்.
நாற்பத்திரண்டாம் துண்டு என்னுடையது.
எனக்கு முன்னால் ஒரு குடலிறக்கம்,
ஆறாத காலோடு ஒரு சீனி வருத்தம்,
முள்ளுக்கம்பி கிழித்த பொடியன் ஒருவன்.
எல்லாருக்கும் ஒரே வாங்கு, ஒரே கதவு:
பொதுச் சத்திரசிகிச்சை, கிளிநொச்சி.

நிறுக்கும் பலகையில் ஏறினேன்.
நூற்றுப் பதினாறு.
தாதி மெல்லமாய்த்தான் சொன்னாள்,
வாங்கு முழுக்கக் கேட்டது.
மல்லாவிச் சங்கக்கடையில்
பதினொரு வருசம் அரிசி நிறுக்கிறவள் நான்.
முள் ஆடி அடங்கும்வரை பொறுக்கிறவள்.

"இரைப்பையைச் சின்னதாக்கலாமாம்.
கனடாவிலை மச்சாள் செய்தவ" என்றேன்.
டொக்டர் பிரணவி சிரிக்கவில்லை.
அதற்காகவே அவவை நம்பினேன்.

மருந்துத் துண்டின் பின்பக்கம்
பேனையால் ஒரு பை வரைந்தா.
நெடுக்காக ஒரு கோடு.
மிஞ்சியது ஒரு கதலிப்பழம் அளவு.

"நான் பித்தப்பை எடுப்பன்,
வெடிச்ச குடலைத் தைப்பன்.
இதுவும் அதே வயிறுதான்,
அதே மயக்கம், அதே நூல்.
ஆனா நான் வெட்டி எடுக்கிறது பழுதானதை.
இங்கை வெட்டவேண்டியது
ஒரு பழுதுமில்லாத இரைப்பையை.
அதுக்கு வேறை பழக்கம் வேணும்.
கொழும்புக்கு எழுதித் தாறன்."

எழுதத் தொடங்கி நிமிர்ந்தா.
"செய்துபோட்டு வந்த பிறகு
தைச்ச இடம் கசிஞ்சா,
நடுச்சாமம் வயிறு கல்லாகினா,
அம்புலன்ஸ் கொண்டுவந்து இறக்கிறது
என்ரை வாசலிலைதான்.
அதையும் தெரிஞ்சு வைச்சிருங்கோ.
சரி, படுங்கோ பாப்பம்."

தொப்புளைச் சுற்றி வளைந்து
கீழே இறங்கும் கோணல் தழும்பு.
விரல் அதன்மேல் நின்றது.
"ஆர் தைச்சது?"

ஒரு பள்ளிக்கூட வகுப்பறை.
இரண்டு மேசையைச் சேர்த்த கட்டில்.
கரும்பலகையில் பாதி அழிந்த வாய்ப்பாடு.
பெயர் கேட்க ஆருக்கும் நேரமில்லை.
கால், கண், வயிறு, பிள்ளைப்பேறு
எல்லாம் அந்தக் கைக்கு
அந்தக் கிழமை ஒரே பிரிவு.

"அவசரத்திலை தைச்சிருக்கினம்.
ஆனா நல்லாத் தைச்சிருக்கினம்" என்றா.
"உள்ளுக்கை ஒட்டிப்போயிருக்கும்.
குடல் சுவரோடை, சுவர் ஈரலோடை.
கமெரா விடுறவை முதலிலை
இதைத்தான் பிரிக்கவேணும்.
மறைக்காமல் சொல்லுங்கோ."

முகாமில் தந்த அட்டையில்
முப்பத்தேழு கிலோ என்று இருந்தது.
அவ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
அன்றிலிருந்து கோப்பையில்
ஒரு பருக்கை மிச்சம் விடத் தெரியாமற் போனது
எந்தப் பிரிவுக்குள் வரும் என்று
கேட்க வாயெடுத்தேன்.
"நாற்பத்திமூன்று" என்று தாதி கூப்பிட்டாள்.

கடிதம் கைப்பைக்குள்.
பஸ் நிலையத்தில்
ஒரு சீப்புக் கதலி வாங்கினேன்.
ஒன்றைப் பிய்த்து
உள்ளங்கையில் வைத்து அளவு பார்த்தேன்,
மல்லாவி பஸ் வரும்வரை.

பிறகு உரித்தேன்.